எங்கள் வீட்டு ஜன்னலில் மூன்றரை மில்லிமீட்டர் பனி

பொறாமைப்படுவதற்கும் ஒரு நியாயம் வேண்டும். சகலை கார் வாங்கினால் பொறாமைப்படலாம். பங்களா கட்டினால் இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நான் பொறாமைப்பட்டது என் சகலை வீட்டு ஜன்னலில் ஒட்டியிருந்த ஐஸைப் பார்த்து. அவன் அதைக் காசு கொடுத்து வாங்கவில்லை. அவனுக்கே அது தொந்தரவு. இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது, ஒரு வருடம் முழுக்க எரிந்தது. அதன் முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கட்டடத்தில் இருந்த பாதிப் பேரைப் போர்வையோடு பார்க்கிங்கில் நிற்க வைத்தேன்.

முதலில் என் பழைய பெருமையைச் சொல்லிவிடுகிறேன், இப்போது அதைச் சொல்ல வேறு ஆளில்லை. நான் ஈரோட்டுக்காரன். டிப்ளமோ முடித்துவிட்டு, புனேயில் போசரி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். தரப் பரிசோதனை வேலை. காலையிலிருந்து மாலை வரை வெர்னியர் காலிப்பரை வைத்துக்கொண்டு இரும்புத் துண்டுகளை அளந்துகொண்டே இருப்பேன். கோயமுத்தூரில் மல்லிகாவைப் பெண் பார்க்கப் போனபோது, அவள் அப்பாவுக்கு என்னைப் பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம். அவர் சர்வே டிபார்ட்மென்டில் இருந்து ஓய்வு பெற்றவர், அளக்கிற மனிதர்களை மதிப்பார். அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் இருக்கும்.

மூத்த மாப்பிள்ளை என்பதால் முதல் நான்கு வருடம் அந்த வீட்டில் நான் சொன்னதுதான் சட்டம். மிக்ஸி வாங்க என்னைக் கேட்டார்கள். கேட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டார்கள். போர் எத்தனை அடி போடலாம் என்று புனேக்கு டெலிபோன் பண்ணிக் கேட்டார்கள். எனக்கு போரைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. "இருநூத்தம்பது போடுங்க மாமா" என்றேன். இருநூற்றைம்பதே போட்டார்கள். (தண்ணீர் வரவில்லை. அப்போதும் பாறையைத்தான் திட்டினார்களே தவிர என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.)

அப்புறம் மல்லிகாவின் தங்கை சுமதிக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை பிரபாகர், கம்ப்யூட்டர், டொராண்டோ. அதோடு என் ஆட்சி முடிந்தது. "சின்ன மாப்பிள்ளையைக் கேட்டுக்கலாம்" என்று ஆரம்பித்தார்கள். இன்வெர்ட்டர் வாங்கக் கேட்டார்கள், சரி. தென்னை மரத்தில் எலி ஏறுகிறது, என்ன மருந்து வைக்கலாம் என்றும் டொராண்டோவைத்தான் கேட்டார்கள். அங்கே தென்னை மரமே கிடையாது. எனக்கு போன் வந்தால் "சௌக்கியமுங்களா, மழை பேயுதுங்களா" என்ற இரண்டு கேள்வியோடு சரி, அதற்குப் பிறகு போன் மல்லிகாவின் கைக்குப் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் டொராண்டோவில் இருந்து மாமனாருக்கு ஒரு புகைப்படம் வந்தது. பிரபாகரும் சுமதியும் குடியிருந்தது பத்தொன்பதாவது மாடியில். படத்தில் ஜன்னலின் கீழ் மூலையில் வெள்ளையாக, வெண்ணெய் அப்பினதுபோல ஐஸ். கூடவே கடிதம். மாமனார் அந்தக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். "படித்துவிட்டுத் திருப்பி அனுப்பவும்" என்று மேலே எழுதி, அதன் கீழே கோடு வேறு போட்டிருந்தார்.

"வெளியே மைனஸ் இருபத்தி ரெண்டுங்க மாமா. உள்ளே ஹீட்டர் ஓடுது. சுமதி ரசம் கொதிக்க வெச்சா, அந்த ஆவி பூரா கண்ணாடியில போய்ப் பனியா உறைஞ்சுக்குது. துணி காயப்போட்டாலும் அதே கதைதான். காலைல எந்திரிச்சா ஜன்னல் உள்பக்கம் ஐஸு. சுரண்டி பக்கெட்ல போடறோம்."

இதைப் படித்த ஒரு நல்ல மனிதன், பாவம், இந்தக் குளிரில் குடித்தனம் பண்ணுகிறார்களே என்று நினைப்பான். நான் என்ன நினைத்தேன் என்றால், அவர்கள் வீட்டு ரசம்கூட ஐஸாகிறது, என் வீட்டு ரசம் வெறும் ரசமாகவே இருக்கிறது என்று. அடுத்த தடவை கோவை போனபோது அந்தப் படம் பெரிதாக்கப்பட்டு, கண்ணாடி போட்டு, ஹாலில் மாட்டியிருந்தது. அது இருந்த இடத்தில் முன்பு எங்கள் கல்யாணப் படம் இருந்தது. எங்களை அரிசி மூட்டை இருக்கும் அறைக்கு மாற்றியிருந்தார்கள்.

அந்த வருடக் கடைசியில் நாங்களும் மாடி ஏறினோம். அதுவரை போபோடியில் ரயில் சத்தத்துக்கு நடுவே ஒற்றை அறையில் இருந்தவர்கள், கடன் வாங்கி ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தில் ஒன்பதாவது மாடியில் ஃப்ளாட் வாங்கிக் குடிபோனோம். அலுமினியச் சட்டம் போட்ட, தள்ளித் திறக்கிற ஜன்னல்கள். புனேயில் டிசம்பர், ஜனவரி காலைகள் நன்றாகக் குளிரும். ஒன்பதாவது மாடிக்குக் காற்று வேறு. ஜன்னலை இறுகச் சாத்திவிட்டு, ஈரத் துணியை ஹாலிலேயே காயப்போட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் கண்ணாடியின் உள்பக்கம் பூராவும் வேர்த்திருக்கும். விரலால் பெயர் எழுதலாம். நான் எழுதினேன். மல்லிகா பழைய பனியனால் துடைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார் போன் பண்ணினார்.

"குளிரெல்லாம் எப்படிங் மாப்ள?"

"செமக் குளிருங்க மாமா. காலைல ஜன்னல் பூரா பனிங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், நான் சொன்னது பொய்யில்லை. ஈரோட்டில் புல் மேல் இருப்பதும் பனிதான், மார்கழியில் தலையில் இறங்குவதும் பனிதான், இமயமலையில் இருப்பதும் பனிதான். எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை வைத்தது தமிழ். நான் அதில் சின்னதை நினைத்துச் சொன்னேன். மறுமுனையில் அவர் பெரியதை எடுத்துக்கொண்டார்.

"பனியா? கண்ணாடி மேலயா?"

"ஆமாங்க மாமா."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம்தானுங்க."

போனில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நம்ம சின்ன மாப்பிள்ளை வூட்லயாட்டமே. எத்தன மில்லி இருக்குமுங்? அளந்து பாத்தீங்களா?" என்றார்.

அந்த இடத்தில் நான், மாமா, இது ஐஸ் இல்லை, வெறும் ஈரம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்த மனிதர் என்னை ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். தொடர்ந்து மூன்று கேள்வி. என்னால் அந்தச் சந்தோஷத்தைக் கைவிட முடியவில்லை.

"அளக்கோணுமுங்க மாமா" என்றேன்.

போனை வைத்ததும் மல்லிகா, "ஏனுங்க, அப்பா எதை அளக்கச் சொல்றாரு?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் பனியனைக் கையில் வைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இப்பவே போன் பண்ணி உண்மையச் சொல்லிப்போடுங்க."

"அடுத்த வாரம் சொல்லிக்கலாம்."

அடுத்த வாரம் அவர்தான் போன் பண்ணினார். டிக்கெட் எடுத்தாயிற்றாம். கனடா வரைக்கும் போக உடம்பு இடம் கொடுக்காது, இந்த ஜனவரியிலேயே புனேக்கு வந்து பனியைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியதாம்.

புனே ஸ்டேஷனில் இறங்கியபோது மாமனாரும் மாமியாரும் எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். மாமனாருக்குக் குரங்குக் குல்லா, ஊட்டியில் வாங்கின தடி ஸ்வெட்டர், மஃப்ளர். மாமியாருக்கு இரண்டு சால்வை, காலில் சாக்ஸ், அதற்கு மேல் ரப்பர் செருப்பு. மணி மதியம் இரண்டு. புனேயின் ஜனவரி மதியம் வெயில் பல்லிளிக்கிற நேரம். ஆட்டோவில் மாமனாருக்கு வேர்த்து ஊற்றியது.

"எங்கீங் மாப்ள பனி?"

"காலைலதானுங்க மாமா."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் ஹால் ஜன்னல் முன்னால் நின்றார். கண்ணாடி வழக்கம்போல் வேர்த்திருந்தது. விரலால் ஒரு கோடு இழுத்தார், விரலைப் பார்த்தார், தேய்த்துப் பார்த்தார்.

"இது தண்ணியாச்சே மாப்ள. சோத்துப் போசி மூடிலகூட இது நிக்குமுங்களே."

"இன்னைக்குக் குளிர் கம்மிங்க மாமா" என்றேன்.

இரண்டாவது நாளும் கம்மி. மூன்றாவது நாளும் கம்மி. அவர் தன் நோட்டில் தேதி போட்டு "நீர் மட்டும்" என்று எழுதினார். நாலாவது நாள் சனிக்கிழமை. மறுநாள் காலை ஏழு மணிக்கு டொராண்டோவில் இருந்து போன் வரும் என்று சொன்னார். "புனே பனியைப் பத்தி சின்ன மாப்பிள்ளைகிட்டச் சொல்றேன்னிருந்தேன்" என்று இழுத்து, "பாக்கலாமுங்" என்று முடித்தார். அந்தப் 'பாக்கலாமுங்' எனக்குச் சோற்றில் கல்லாகக் கடிபட்டது. பிரபாகரிடம் 'பெரிய மாப்பிள்ளை வீட்டு ஜன்னல்ல வெறும் தண்ணிதானுங்' என்று அவர் சொல்கிற குரல் எனக்குக் காதில் கேட்டது.

அன்று சாயங்காலம் மல்லிகா ஃப்ரிட்ஜைத் திறந்தபோது வழி தெரிந்தது. அந்தக் காலத்து ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களை வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், மேலே இருக்கும் சின்னப் பெட்டியைச் சுற்றி வெள்ளையாக ஐஸ் வளர்ந்துகொண்டே போகும். எங்களுடையது இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தது. படத்தில் பார்த்த அதே வெள்ளை, அதே சொரசொரப்பு. டொராண்டோவின் ஒரு துண்டு என் ஹாலிலேயே இத்தனை நாள் இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

காலை ஐந்தரைக்கு எழுந்தேன். மாமனாரும் மாமியாரும் உள் அறையில் இருந்தார்கள். மல்லிகா ஹாலில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். தோசைக் கரண்டியால் சுரண்டினேன், வரவில்லை. எதிர் ஃப்ளாட் காக்கு சொன்னாள் என்று (மராத்தியில் சித்தி, அத்தை, பக்கத்து வீட்டம்மா எல்லாரும் காக்குதான்) மல்லிகா சீசன் பட்டாணி இரண்டு கிலோ உரித்துப் பைகளில் கட்டி உள்ளே திணித்திருந்தாள். பைகளும் ஐஸும் ஒன்றாக இறுகிக் கிடந்தன. கத்தியை எடுத்தேன். கத்தி நன்றாக வேலை செய்தது. ஒரு கிண்ணம் நிறைந்தது. ஈரக் கையால் ஜன்னலின் கீழ் மூலையில், அலுமினியச் சட்டத்தை ஒட்டி, படத்தில் இருந்த அதே கோணத்தில் அப்பினேன். அழகாக நின்றது. இன்னும் கொஞ்சம் இருந்தால் மறு மூலைக்கும் வைக்கலாமே என்று ஆசை வந்தது. அந்தப் பாழாய்ப் போன ஆசையில்தான் மறுபடியும் போய்க் கத்தியை ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன்.

புஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம்.

மல்லிகா எழுந்து உட்கார்ந்தாள். "ஏனுங்க, என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல, தூங்கு."

அவள் என்னைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். பாயைச் சுருட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். எங்கள் ஊர் பஸ்ஸில் டீசல் டேங்க் ஒழுகினால் டிரைவர் சோப்பை வைத்து அடைப்பார். எனக்கு அது ஞாபகம் வந்தது. துணி சோப்பைத் தண்ணீரில் குழைத்து ஓட்டையில் அப்பினேன். சத்தம் அடங்கி, 'உஸ்' என்று மெல்லியதாக மட்டும் வந்தது. கதவைச் சாத்தினேன்.

ஆறு இருபதுக்கு மாமனார் வந்தார். ஜன்னலைப் பார்த்தார். குல்லாவைக் கழற்றினார். கோவிலில் நிற்பதுபோல் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, உள்ளே பார்த்து, "அம்மிணி, ஓடியா, மாப்பிள்ளை சொன்ன பனி" என்று மல்லிகாவைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. மாமியார் மட்டும் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங், இதுக்கா இத்தன தூரம் வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் ஸ்கேலை எடுத்தார். பிறகு, "ஸ்கேல்ல சரியா வராதுங். உங்க வெர்னியரக் கொண்டாங்க மாப்ள" என்றார்.

பதினோரு வருடச் சர்வீஸில் எத்தனையோ அளந்திருக்கிறேன். நானே அப்பின ஐஸை, என் மாமனார் மேற்பார்வையில், அளந்தது அன்றுதான். மூன்றரை மில்லிமீட்டர். அவர் நோட்டில் எழுதினார். "காலை 6.25. ஹால் ஜன்னல், தென்மேற்கு மூலை. 3.5 மி.மீ." என் தோளில் தட்டினார். கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் தட்டினார், அதற்குப் பிறகு அன்றைக்குத்தான். எனக்கு, ஃப்ரிட்ஜ் போனால் போகட்டும் என்றுகூட இருந்தது.

ஏழு மணிக்குள் மூலையில் இருந்து சொட்ட ஆரம்பித்துவிட்டது. நான் மனதுக்குள் டொராண்டோவைக் கும்பிட்டு அழைத்தேன். போன் அடித்தது. மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபடியே பேசினார்.

"ஆமாங் மாப்ள, இங்கயும் கட்டியிருக்குதுங். நானே பாத்தேன். மூணரை மில்லி. ஆமாங், உள்பக்கந்தான். உங்கூட்லயாட்டவே வெள்ளையா..." என்று சொல்லிக்கொண்டே குனிந்தார். "ஒரு நிமிஷமுங். இதுல என்னமோ பச்சையா இருக்குது."

ஐஸ் இளகியதும் அதற்குள் இருந்து ஒரு பட்டாணி தலையை நீட்டியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கழன்று, ஜன்னல் திண்டில் விழுந்து, உருண்டு, தரையில் குதித்து என் காலடியில் வந்து நின்றது.

"பட்டாணிங் மாப்ள" என்று அவர் டொராண்டோவுக்கு அறிவித்தார். "உங்கூர்லயும் பட்டாணி வருதுங்களா?"

அவன் என்ன பதில் சொன்னானோ தெரியாது, ஏனென்றால் அதே நேரத்தில் எதிர் ஃப்ளாட் காக்கு உள்ளே வந்தாள். அவள் வீட்டில் அன்று விருந்து. அதற்குச் செய்த ஸ்ரீகண்டை, அந்த ஊர்த் தயிர் இனிப்பை, எங்கள் ஃப்ரிட்ஜில்தான் வைத்திருந்தாள். நான் தடுப்பதற்குள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துச் சோப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. மறுபடியும் புஸ்ஸ்ஸ்.

"அரே, கேஸ் கேலா" என்றாள் காக்கு.

ஃப்ரிட்ஜில் இருக்கிற கேஸ் போயிற்று என்று அர்த்தம். நல்ல மனதோடுதான் சொன்னாள். மாமனாருக்கு மராத்தி ஒரு எழுத்துத் தெரியாது. அவர் காதில் விழுந்தது 'கேஸ்' என்ற ஒரு சொல். கூடவே புஸ்ஸென்ற சத்தம். ரிசீவரை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் பாய்ந்தார். சிலிண்டரை மூடினார். ஜன்னலை எல்லாம் திறந்தார். "ஆரும் ஸ்விட்சத் தொடாதீங்க. லிஃப்ட் வேண்டாம். படியில எறங்குங்க" என்று எல்லாரையும் வெளியே தள்ளினார், காக்குவையும் சேர்த்து.

இங்கேதான் நான் செய்த பெரிய அயோக்கியத்தனம். அது சமையல் கேஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொன்னால், ஃப்ரிட்ஜ் ஏன் ஓட்டையானது என்று கேட்பார். அதனால் வாயை மூடிக்கொண்டு நானும் படியிறங்கினேன். ஒவ்வொரு மாடியிலும் மாமனார் கதவைத் தட்டி, தனக்கும் அவர்களுக்கும் பொதுவாக இருந்த அந்த ஒரு சொல்லைச் சொன்னார். "கேஸ், கேஸ்." எட்டாவது மாடி இறங்கியது. ஏழாவது இறங்கியது. ஆறாவது மாடியில் ஒருவர் முகத்தில் பாதிச் சவரத்தோடு இறங்கினார். குல்லா போட்ட ஒரு பெரியவர் இவ்வளவு தீவிரமாகச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? காக்கு மட்டும், "அஹோ, ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் கேட்கவில்லை.

பார்க்கிங்கில் நாற்பது பேர் இருப்பார்கள். போர்வை, சால்வை, ஒரு அம்மா கையில் பாதி பிசைந்த சப்பாத்தி மாவு. சொசைட்டி செக்ரட்டரி தீயணைப்பு வண்டிக்கு போன் பண்ண ஓடினார். மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்று, சத்தமில்லாமல், "இப்பச் சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்றாள்.

சொன்னேன். இந்தியில் சொன்னேன். என் இந்தி எப்போதுமே சுமார், அன்று கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்து தொலைத்தது.

"ஃப்ரிட்ஜ் கா கேஸ் ஹை, சிலிண்டர் கா நஹீ."

ஃப்ரிட்ஜ் கேஸ்தான், சிலிண்டர் கேஸ் இல்லை என்று. செக்ரட்டரி நின்றார். ஃப்ரிட்ஜில் எப்படி ஓட்டை விழுந்தது என்றார். ஐஸ் சுரண்டினேன் என்றேன். எதற்கு என்றார்.

"கிட்கி பே லகானே கே லியே."

ஜன்னலில் ஒட்டுவதற்காக.  சப்பாத்தி மாவு அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம், என்ன சொன்னார் என்று மறுபடி கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"மாப்ள என்ன சொல்றாருங் அம்மிணி?" என்றார் மாமனார்.

மல்லிகா மொழிபெயர்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்னதை அவள் இவ்வளவு நேர்மையாக எடுத்துச் சொன்னதே இல்லை. ஒரு சொல் விடவில்லை. மாமனார் தலையைத் தூக்கி ஒன்பதாவது மாடி ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்ப அந்தப் பட்டாணி?"

"நம்முளுதுதானுங்ப்பா."

அவர் திட்டியிருந்தால் தேவலை. "அப்படீங்களா" என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறிக்கொண்டார். நான் ஒன்பது மாடியும் நடந்தே ஏறினேன், அவரோடு அந்தப் பெட்டிக்குள் நிற்க எனக்குத் தைரியமில்லை. அவமானமாக இருந்தது. அவ்வளவு அவமானத்திலும், பிரபாகருக்கு இது தெரியாது, அதுவரைக்கும் சரி என்று ஒரு மூலையில் ஆறுதலாக இருந்தது.

வீட்டுக்குள் வந்தால் ரிசீவர் மேஜைமேல் மல்லாந்து கிடந்தது. காதில் வைத்தேன்.

"அண்ணா" என்றான் பிரபாகர். "ஃப்ரிட்ஜுங்களா?"

அத்தனை நேரமும் அவன் போனை வைக்கவில்லை. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். காக்கு வாசல் வரை 'ஃப்ரிட்ஜ், ஃப்ரிட்ஜ்' என்று கத்தினது அவன் காதில் மட்டும் சரியாக விழுந்திருக்கிறது. 

"கத்தியிலயா சுரண்டுனீங்க? விடுங்கண்ணா. நானும் போன மாசம் ஜன்னல் ஐஸை ஸ்க்ரூ டிரைவர்ல நெம்பி, கண்ணாடி விரிஞ்சு போச்சு. அட்டைய வெச்சு டேப் ஒட்டியிருக்கறேன். வீட்டுக்காரன் தினமும் கத்தறான். ராத்திரி பூரா குளிரு, சுமதி கோட்டுப் போட்டுட்டுத் தூங்கறா. மாமாகிட்ட மட்டும் சொல்லிறாதீங்கண்ணா."

அவன் என் மானத்தை மூடுவதற்காகத் தன் மானத்தை எடுத்துக் கொடுத்தான். என்னைவிட ஆறு வயது சின்னவன். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கண் கலங்கியிருக்கும். எனக்கும் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனை வைத்து, நேராக மாமனாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

மாமனார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடியே விரிஞ்சு போச்சுங்களா?"

"ஆமாங்க மாமா. அட்டையை வெச்சு ஒட்டியிருக்கறான்."

"அப்ப எத்தன மில்லி இருந்திருக்கோணுமுங்" என்றார். முகம் பூரா பெருமை. நோட்டை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார்.

கோவைக்குத் திரும்பியதும் விரிசல் விட்ட ஜன்னலின் படத்தையும் கேட்டு வாங்கி மாட்டினார் என்று பின்னால் தெரிந்தது. நோட்டில் எங்கள் ஜன்னலுக்கு எழுதியதையும் அவர் அடிக்கவில்லை. மூன்றரை மில்லிமீட்டருக்கு நேராக "பட்டாணி 1" என்று சேர்த்திருந்தார். சர்வேயில் எழுதினதை அடிக்கக் கூடாதாம். செத்துப்போன ஃப்ரிட்ஜில் இருந்த இரண்டு கிலோ பட்டாணியும் இளகிவிட்டதால், மாமியார் அடுத்த மூன்று நாள் பட்டாணி குருமா, பட்டாணி உப்புமா, பட்டாணி சாதம் என்று செய்து தள்ளினார். ஒவ்வொரு தடவை பரிமாறும்போதும் மாமனார், "பனி இன்னுங் கொஞ்சம் வைங்க" என்று தட்டை நீட்டுவார். சிரிக்கவே மாட்டார். இன்றைக்கும் அந்த வீட்டில் பட்டாணிக்குப் பனி என்றுதான் பெயர்.

அதற்குப் பிறகு நான்கு மாதம் கோவையில் இருந்து மழை விசாரிப்போடு சரி. மே மாதம் ஒரு நாள் மாமனார் போன் பண்ணி, "மாப்ள, உங்களை ஒண்ணு கேக்கோணுமுங்" என்றார்.

 உட்காரக்கூட இல்லை. "கேளுங்க மாமா" என்றேன்.

"நம்மூட்டு ஃப்ரிட்ஜ்ல ஐஸ் மலையாட்டம் கட்டிக்கிச்சுங். எதுல சுரண்டறது?"

"எதுலயும் சுரண்டாதீங்க மாமா. ஸ்விட்சை அணைச்சுட்டுக் கதவத் திறந்து வெச்சிருங்க. கீழ ஒரு துணி போடுங்க. தானா எறங்கிரும்."

"சரிங்" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னபடியே செய்தாராம். ஐஸ் இறங்கியதாம். அது சொந்தக்காரர்களிடம் பரவியது. உடுமலைப்பேட்டை சித்தப்பாவின் ஃப்ரிட்ஜ், பொள்ளாச்சி அத்தையின் ஃப்ரிட்ஜ், கல்யாண மண்டபத்து ஐஸ்கிரீம் பெட்டி, எது உறைந்தாலும் "பெரிய மாப்பிள்ளையைக் கேளுங்க, அவருக்குத்தான் தெரியும்" என்று புனேக்கு போன் வரும். இரண்டாயிரத்து நாலில் பிரபாகரே சொந்த வீடு வாங்கிய பிறகு, ஜன்னலில் ஐஸ் கட்டாமல் இருக்க என்ன செய்யலாம் என்று டொராண்டோவில் இருந்து என்னைக் கேட்டான். ரசத்தை மூடி வைத்துக் கொதிக்கவிடச் சொன்னேன். மற்ற எல்லாவற்றுக்கும், போர், பெயின்ட், எலி எல்லாவற்றுக்கும் இன்றுவரை அவனைத்தான் கேட்கிறார்கள். என்னையும் ஒரு விஷயத்துக்காவது கேட்கிறார்களே, எனக்கு அது போதும் என்று எழுதி முடிக்க ஆசையாகத்தான் இருக்கிறது. போதவில்லை.